பெயரில் மட்டுமே எண்ணெய்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இன்று குடும்ப வாகனம் என்றால் அது மோட்டார் சைக்கிளே. விடியுமுன் படுவான்கரையிலிருந்து தயிர்ச் சட்டிகள் பட்டினத்துக்கு வருவதும் அதிலேதான். எழுவான்கரை ஆசிரியர்கள் அக்கரைப் பாடசாலைகளுக்குப் போய் மீள்வதும் அதிலேதான். கொக்கட்டிச்சோலைத் திருவிழாவுக்குத் தந்தையும் தாயும் இடையிற் பிள்ளையுமாகப் போவதும் அதிலேதான். முன்னர் மண்முனைத் துறையிற் 'பாதை' வரும்வரை காத்து நின்று, அது ஆறுதலாக நகர, வாவிக் காற்றை வாங்கிக்கொண்டு அக்கரை சேர்ந்தோம். 2014ஆம் ஆண்டில் அங்கே பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிற் கல்லடியிலும் புதிய பாலம் வந்தது. வழி சுருங்கிற்று, வேகம் கூடிற்று. ஆனால் அவ்வேகத்தை அடக்குகின்ற உறுப்பைப் பற்றி நம் வீடுகளில் எவ்வளவு பேசப்படுகிறது? ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறது, ரயர் தேய்ந்துவிட்டதா, புகை வருகிறதா என்பனவெல்லாம் பேசப்படுகின்றன. பிறேக் மட்டும், அது பிடிக்காமற் போகும் நாள் வரை, பேச்சுக்கு வருவதில்லை.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் தூரத்தைக் கடக்கிறது. இருட்டில், நெடுஞ்சாலையின் நடுவே, கறுத்த எருமை மாடொன்று படுத்திருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டு வீதிகளில் இஃது அரிய காட்சியன்று. கண் கண்டு, கை பிறேக்கை நாடுவதற்குள் அந்த 14 மீற்றர் போய்விடுகிறது. நல்ல பிறேக், நல்ல ரயர், உலர்ந்த தார்வீதி என்னும் மூன்றும் அமைந்தாலும், நிற்பதற்கு மேலும் 16 மீற்றர் அளவில் வேண்டும். பிறேக் பாதி பிடித்தால் அந்த 16 மீற்றர் இருமடங்காகும். மாடோ எழுந்து வழிவிடப் போவதில்லை.

இன்னொரு காரணத்தாலும் இவ்விஷயம் இப்போது பேசத்தக்கதாகிறது. 2020ஆம் ஆண்டில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் அத்தடை தளர்ந்தது. ஆதலின் நம் வீதிகளிற் பழைய வண்டிகள் மலிந்திருப்பதில் வியப்பில்லை. பத்தாண்டு, பதினைந்தாண்டு ஓடிய வண்டியில் எஞ்சின் ஒழுங்காக முழங்கினாற் போதும் என்று அநேகர் அமைதி கொள்கின்றனர். உப்புக் காற்றோ எஞ்சினுக்குள் எளிதிற் புகுவதில்லை; வெளியே திறந்து கிடக்கும் பிறேக்கையே அது நாடுகிறது.

ஒரு பெயரால் வந்த மயக்கம்

முன் சில்லில் வட்டத் தகடு, அதாவது டிஸ்க், பொருத்திய வண்டிகளில் வலக் கைப்பிடிக்கு அருகே ஒரு சிறு கிண்ணம் இருப்பதை மாணவர்கள் கண்டிருப்பர். அதன் பக்கத்தில் உள்ளிருப்பதைக் காட்டும் சிறு கண்ணாடியும், குறைந்த அளவைக் குறிக்கும் கோடும் இருக்கும். உள்ளே இருப்பதை நாம் யாவரும் 'பிறேக் ஒயில்' என்கிறோம். கடைக்காரரும் அப்படியே சொல்கிறார், கராஜிலும் அப்படியே. ஆனால் அஃது எண்ணெயன்று.

இப்பெயருக்குப் பழைய நியாயம் ஒன்று உண்டு. திரவத்தின் அமுக்கத்தால் இயங்கும் பிறேக்குகளை நான்கு சில்லுகளிலும் கொண்ட பயணிகள் கார், 1921ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் டியூசன்பேர்க் என்னும் பெயரில் வெளிவந்தது. இத்தகைய பிறேக்குகளில் ஆரம்ப காலத்திற் பயன்பட்ட திரவங்களுள் முக்கியமானது, மதுசாரம் கலந்த ஆமணக்கெண்ணெயாகும். நம் பாட்டிமார் வயிறு கழுவக் கொடுத்த அதே எண்ணெய்தான். பின்னர் கிளைக்கோல் வகைச் சேர்வைகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. எண்ணெய் போயிற்று; பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. காரைதீவிற் பிறந்து, கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய சுவாமி விபுலாநந்தர், அறிவியற் பொருள்களுக்குத் தமிழிற் பொருத்தமான கலைச்சொற்களை ஆக்கும் பணியிற் சென்னையில் உழைத்தவர். அவர் பிறந்த நாட்டிலே இப்பொருளுக்கு இப்படியொரு பெயர் நிலைத்துவிட்டது. நாமாவது இனி இதனைப் பிறேக் திரவம் என்றே எழுதுவோம்.

இதன் வேலை எளிது. கைப்பிடியை இழுக்கும்போது ஒரு சிறு தண்டு திரவத்தை அழுத்துகிறது. திரவம் சுருங்கிக் கொடுக்காது. ஆதலின் அவ்வமுக்கம் குழாய் வழியே குறையாமற் சில்லுக்குச் செல்கிறது. 17ஆம் நூற்றாண்டிற் பிரான்சிய அறிஞர் பஸ்கால் விளக்கிய தத்துவம் இதுவே. கைப்பக்கத் தண்டின் பரப்பு ஒரு சதுர சென்ரிமீற்றர், சில்லுப் பக்கத்துத் தண்டின் பரப்பு ஐந்து சதுர சென்ரிமீற்றர் என்று கொண்டால், இங்கே கொடுக்கும் விசை அங்கே ஐந்து மடங்காகிறது. 1969ஆம் ஆண்டில் ஹொண்டா நிறுவனம் தன் சி.பி. 750 வண்டியின் முன் சில்லில் இவ்வமைப்பைப் பொருத்திப் பெருந்தொகையாக விற்கத் தொடங்கிய பின், இது மெல்ல மெல்லச் சாதாரண வண்டிகளுக்கும் வந்தது. இரண்டு விரலால் இழுத்து, பாரம் ஏற்றிய வண்டியை நிறுத்த முடிவது இதன் பயனாகும்.

இனிப் பெயரால் விளையும் கேட்டைப் பார்ப்போம். கிண்ணத்திற் திரவம் குறைந்திருப்பதைக் கண்டு, 'ஒயில்தானே' என்று எஞ்சின் ஒயிலையோ, தையல் இயந்திர எண்ணெயையோ சிறிது விட்டுவிடுவோர் உளர். உள்ளே இருக்கும் இறப்பர் வளையங்கள் கிளைக்கோலைத் தாங்குமாறு செய்யப்பட்டவை; மண்ணிலிருந்து எடுக்கும் எண்ணெய்களை அவை தாங்கா. எண்ணெய் பட்டதும் அவை ஊறிப் பருத்து, மென்மையாகிவிடுகின்றன. சில வேளைகளில் பிடித்த பிறேக் விடாது. சில வேளைகளிற் திரவம் கசிந்து பிறேக்கே பிடியாது. முதல் நாளில் எந்தக் குறையும் தோன்றாமல் இருக்கலாம் என்பதே இதில் உள்ள பேரபாயம். இவ்வாறு நேர்ந்துவிட்டால் திரவத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. இறப்பர் வளையங்கள், குழாய் முதலான, எண்ணெய் பட்ட இறப்பர் உறுப்புகள் யாவும் மாற்றப்பட வேண்டும்.

எத்திரவத்தை விடுவது என்பது கிண்ணத்தின் மூடியிலேயே எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலும் டொட் 3 அல்லது டொட் 4 என்றிருக்கும். டொட் 5 என்பது வேறு இனம். அது சிலிக்கோன் திரவம். இலக்கம் கூடியது மேலானது என்று எண்ணி அதை மற்றவற்றோடு கலத்தலாகாது. டொட் 5.1 என்பதோ, பெயரில் நெருங்கியிருந்தாலும், மீண்டும் கிளைக்கோல் இனமே. பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்!

நீரை உண்ணும் திரவம்

எண்ணெயில் நீர் விழுந்தால் தனியே அடியிற் தங்கும். பிறேக் திரவம் அப்படியன்று. காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துத் தன்னுட் கரைத்துக்கொள்கிறது. மூடி திறந்த போத்தலிலும் இழுக்கிறது. வண்டியின் இறப்பர்க் குழாய் ஊடாகவும், மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் இழுக்கிறது. ஒரு புறம் கடலும் மறுபுறம் வாவியுமாக இருக்கும் எழுவான்கரையிற் காற்று எக்காலமும் ஈரம் செறிந்தது. கார்த்திகை, மார்கழி மாரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஈரம் ஏறினால் என்ன? புதிய டொட் 3 திரவத்தின் கொதிநிலை 205 பாகை செல்சியசுக்குக் குறையலாகாது என்பது அமெரிக்க நியமம். ஏறக்குறைய நூற்றுக்கு மூன்றே முக்காற் பங்கு நீர் சேர்ந்துவிட்டால், அதே திரவத்துக்கு 140 பாகையே எல்லையாக வைக்கப்பட்டிருக்கிறது. டொட் 4 திரவத்துக்கு இவ்விரண்டும் 230, 155 பாகை. பிறேக் பிடிக்கும்போது உராய்வால் எழும் வெப்பம் தகட்டிலிருந்து திரவத்துக்கு ஏறுகிறது. திரவம் கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவம் சுருங்காதது, ஆவியோ சுருங்குவது. கைப்பிடியை இழுத்தால் அது குமிழிகளை நசுக்குவதோடு நின்றுவிடும். சில்லுக்கு எதுவும் எட்டாது. கைப்பிடி வெறுமையாய் உள்ளே போய்விடும்.

நமது நாடு தட்டையானது. நெடுந்தூரம் பிறேக் பிடிக்க வேண்டிய இறக்கம் எங்கே இருக்கிறது என்று ஒரு மாணவன் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஏறாவூருக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையே ஓடும் வண்டியிற் திரவம் கொதிப்பது அரிது. ஆனால் செங்கலடியிற் தொடங்கும் நெடுஞ்சாலை பதுளைக்கே செல்கிறது. விடுமுறையில் இளைஞர் கூட்டமாக அவ்வழியே மலைநாடு பார்க்கப் போகின்றனர். ஈராண்டு, மூவாண்டு கடலோர ஈரத்தை உண்ட திரவத்தோடு மலையேறிய வண்டி, இறங்கும்போதுதான் தன் குறையைக் காட்டுகிறது. இறக்கத்திற் கீழ்க் கியரில், எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்குமாறு வரவேண்டும். பிறேக்கை ஓயாது பிடித்தபடி வருதல் தகாது. கியர் மாற்றாத ஸ்கூட்டர்களுக்கு அந்த எஞ்சின் பிடி குறைவு. அவை அடிக்கடி நின்று ஆறி இறங்குவதே நல்லது.

தட்டை நிலத்திலும் வேறொரு வழியால் வெப்பம் வரும். சில்லைக் கவ்வும் கலிப்பரின் தண்டும் ஊசிகளும் உப்பாற் கறள் பிடித்து இறுகினால், கையை விட்ட பின்னும் பிறேக் முழுதும் விடாது. ஓடும் தூரமெல்லாம் உராய்ந்துகொண்டே இருக்கும். வண்டியை நடுத் தாங்கியில் நிறுத்தி, முன் சில்லை உயர்த்திக் கையாற் சுழற்றிப் பார்த்தால் இது தெரியும். சில்லு தாராளமாகச் சுழல வேண்டும். ஓடி வந்த வண்டியின் தகட்டைத் தொட்டுப் பார்ப்பது மட்டும் வேண்டாம், கை வெந்துவிடும்.

ஆதலின் பிறேக் திரவத்தை இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றுவது என்பது உற்பத்தியாளர் பலரும் கூறும் கணக்கு. நம் கரையில் அதைத் தள்ளிப்போட இடமில்லை. கண்ணாடியிற் பார்க்கும்போது வெளிர் மஞ்சளாய் இருந்த திரவம் வெறுந்தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டதென்றால் காலம் கடந்துவிட்டது என்று கொள்ளலாம்.

திரவ மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், உடனே ஊற்றி நிரப்புவதும் பிழை. அது குறைவதற்குக் காரணம் இரண்டே: ஒன்று, எங்கேனும் கசிகிறது, மற்றது, 'பாட்' எனப்படும் உராய்வுக் கட்டைகள் தேய்ந்து, தண்டு முன்னே நகர்ந்து, அவ்விடத்தைத் திரவம் நிரப்பிவிட்டது. முதலிற் கட்டைகளைப் பார்க்க வேண்டும். அவற்றிலுள்ள தேய்வுக் குறி மறைந்தாலோ, உராயும் பகுதி ஒரு மில்லிமீற்றருக்கு வந்துவிட்டாலோ மாற்ற வேண்டியதே. புதிய கட்டைகளைப் போட்டதும், வண்டியை ஓட்டுமுன், கைப்பிடி இறுகும்வரை பலமுறை இழுத்துவிட வேண்டும். இதை மறந்து முற்றத்திலிருந்து வீதிக்கு இறங்கினால், முதலாவது பிடிக்குப் பிறேக்கே இராது.

காற்றை அகற்றித் திரவம் மாற்றும் வேலையைக் கற்றவர் ஒருவர் அருகிருக்கச் செய்து பழகலாம். தனியே சோதனை செய்து பழகும் வேலையன்று அது. கலிப்பரிலுள்ள சிறு திருகாணியில் ஒளிபுகும் குழாயை மாட்டி, மறுமுனையை ஒரு போத்தலில் விட வேண்டும். கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு திருகாணியைத் தளர்த்த, பழைய திரவம் குமிழியோடு வெளியேறும். திருகாணியை இறுக்கிய பின்னரே கைப்பிடியை விட வேண்டும். முந்தி விட்டால் காற்று மீண்டும் உள்ளே ஏறும். இவ்வாறு புதிய திரவம் குமிழியின்றி வரும்வரை செய்ய வேண்டும். இதற்கிடையிற் கிண்ணம் ஒருபோதும் வற்றலாகாது. முத்திரை உடையாத போத்தலையே வாங்குக. வெளியே வந்த திரவத்தை, எவ்வளவு தெளிவாகத் தோன்றினாலும், திரும்ப ஊற்ற வேண்டாம். பெற்றோல் தாங்கியின் மேல் ஒரு துளி சிந்தினாலும் வர்ணம் கழன்றுவிடும். துடைத்தாற் போதாது, உடனே நீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணிற் தெறித்தால் நல்ல நீராற் பதினைந்து நிமிடமாவது கழுவி, வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

கடற்காற்றுக்குக் கறள் பிடியாதிருக்க வண்டியின் உலோகப் பகுதிகளில் எண்ணெய் பூசும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதிற் தவறில்லை. ஆனால் அந்தத் துணி பிறேக் தகட்டிலோ, உராய்வுக் கட்டையிலோ படக்கூடாது. எண்ணெய் ஊறிய கட்டை பிடிக்காது. அதைக் கழுவிக் காயவைத்து மீண்டும் போடுவதும் நம்பத்தக்கதன்று. சங்கிலிக்கு ஒயில் தெளிப்பவரும் பின் சில்லை நினைத்துக்கொள்வது நல்லது.

பழைய வண்டிகள் பலவற்றில் இருப்பது டிரம் பிறேக். இதிற் திரவம் இல்லை. கம்பியோ கேபிளோ இழுக்க, லைனிங் ஒட்டிய இரு வளைவுக் கட்டைகள் உள்ளிருந்து விரிந்து உரசுகின்றன. 2011ஆம் ஆண்டு ஜனவரி வெள்ளத்தையும், 2024ஆம் ஆண்டு நவம்பர் வெள்ளத்தையும் கண்டவர்களுக்கு, முழங்கால் நீரில் வண்டி உருட்டுவது புதிதன்று. டிரம்முக்குள் நீர் புகுந்தால் பிறேக் வழுக்கும். நீரைக் கடந்ததும் மெதுவாக ஓட்டி, பிறேக்கை இலேசாகப் பலமுறை பிடித்து உலர்த்திக்கொள்ள வேண்டும். கடந்தது வாவியின் உவர் நீராயின், வீடு சேர்ந்ததும் நன்னீரால் அலசுவது அவசியம். டிரம்மைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதுவது கராஜ்களில் நாள்தோறும் காணும் காட்சி. பழைய லைனிங்குகளிற் கல்நார் கலந்திருந்தது. அத்தூசி நுரையீரலிற் புற்றுநோயை விளைவிக்க வல்லது. ஈரத்துணியாற் துடைத்தால் அரை நிமிடத்தில் முடிகின்ற காரியம்.

சோடாப் போத்தலும் கிணறும்

மிஞ்சிய திரவத்தை எங்கே வைப்பது? சோடாப் போத்தலில்! இந்தப் பழக்கத்தை எவ்வளவு கண்டித்தாலும் தகும். பல பிறேக் திரவங்களில் டைஎதிலீன் கிளைக்கோல் சேர்ந்திருக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற் திரவத்திற் பெரும்பாலும் எதிலீன் கிளைக்கோல் இருக்கும். இவை இனிக்கும் என்பதுதான் கொடுமை. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு மருந்தை டைஎதிலீன் கிளைக்கோலிற் கரைத்து விற்றபோது நூறு பேருக்கு மேல் மாண்டனர். அவர்களிற் பலர் குழந்தைகள். குடித்த பிள்ளை முதலில் மதுவுண்டவர்போல் மயங்கும். பின்னர் சிறுநீரகம் செயலிழக்கும். அதற்குமுன் மருத்துவம் கிடைத்தால் பிழைக்க வழியுண்டு. வாந்தி எடுக்கச் செய்யாமல், 1990 என்னும் இலக்கத்துக்கு அம்புலன்ஸ் வண்டியை அழைத்தோ, கிடைத்த வாகனத்திலோ, அந்தப் போத்தலையும் கையிலெடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும்.

பெற்றோலுக்கும் இவ்வாறே. 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டிற் கியூ.ஆர். அட்டைக்கு வாரம் நாலு லீற்றர் என்று அளந்து கொடுத்த காலத்தில், பிளாஸ்டிக் கலன்களில் வீட்டிற் சேமித்த பெற்றோலாற் தீ விபத்துகள் நேர்ந்தன. பெற்றோலின் ஆவி காற்றைவிடப் பாரமானது. நிலத்தோடு ஊர்ந்து சென்று அடுப்பைத் தேடும். தட்டுப்பாடு நீங்கிய பின்னும் அந்தக் கலன்களைக் குசினிப் பக்கத்தில் விட்டு வைத்திருப்பவர்கள் அவற்றை இன்றே அகற்றலாம்.

கடைசியாக எஞ்சினின் கறுத்த ஒயில். சாதாரண வண்டியில் ஏறக்குறைய ஒரு லீற்றர் வரும். இதை வேலிக் கட்டைகளுக்குக் கறையானுக்கென்று பூசுவார்கள். மீந்ததை வளவின் மூலையில் ஊற்றுவார்கள். எரிந்த ஒயிலிற் புற்றுநோய்க்கு ஏதுவான சேர்வைகளும் உலோகத் துகள்களும் உண்டு. வெறுங்கையால் அளையத்தக்க பொருளன்று அது. மேலும், கல்லடியிலிருந்து கல்முனை வரை நாம் இருப்பது மணற் பரப்பு. சில அடி தோண்டினால் நீர் வருகிறது. அதே நீரைத்தான் குடிக்கிறோம். மணலில் ஊற்றியது எங்கும் போய்விடுவதில்லை. ஒரு பங்கு கிணற்றுக்கும் ஒரு பங்கு வாவிக்கும் இறங்குகிறது. ஒரு காரில் ஒரு தடவை மாற்றும் ஒயில் பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் எச்சரிக்கிறது.

ஒயிலை மூடியுள்ள கலனிற் சேர்த்து, கழிவொயிலைப் பொறுப்பேற்கும் சேர்விஸ் நிலையத்திற் கொடுத்துவிடலாம். அதை விலைக்கு வாங்கிச் செல்வோரும் உளர். பழைய பிறேக் திரவத்தை மாத்திரம் அதனோடு கலக்காமல், பெயர் எழுதிய வேறு போத்தலிற் கொடுக்க வேண்டும். எண்ணெயல்லாத அது கலந்துவிட்டால், கழிவொயில் எடுப்பவர்கள் முழுக் கலனையும் ஏற்கத் தயங்குவார்கள்.